அடங்காத் தமிழரும் அடைக்கப்பட்ட கோயில் வாசலும்

வன்னிப் பெருநிலப்பரப்புக்கு அடங்காப்பற்று என்றொரு பெயர் உண்டு. அந்நியருக்கு இலகுவில் அடங்காத மண் என்பதால் வந்த பெயர் அது. அந்த மண் 1947ஆம் ஆண்டு முதலாவது பாராளுமன்றத்துக்கு அனுப்பிவைத்த மனிதரும் அடங்காத் தமிழர் என்றே அழைக்கப்பட்டார். இன்றைய முல்லைத்தீவு மாவட்டப் பகுதியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய வவுனியாத் தேர்தல் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்ற செல்லப்பா சுந்தரலிங்கமே அவர். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும் சமூக நீதி பற்றியும் மக்கள் பிரதிநிதிகளின் கடமை பற்றியும் நாம் பேசும்போது, அவரது வாழ்வை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது. அதில் நாம் பெருமை கொள்ளத்தக்க ஒரு நாளும் உண்டு. தலைகுனிய வேண்டிய ஒரு நாளும் உண்டு.

1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி யாழ்ப்பாணம் உரும்பிராயில் சுந்தரலிங்கம் பிறந்தார். கல்வியாலும் சட்டத்தாலும் மருத்துவத்தாலும் உயர்ந்த குடும்பம் அது. அவரது சகோதரர்களில் ஒருவரான நாகலிங்கம் உயர்நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். சுந்தரலிங்கம் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியிலும் கணிதம் பயின்றார். பாரிஸ்டராகவும் தகுதி பெற்றார். நாடு திரும்பியபின் இலங்கை சிவில் சேவையில் இணைந்தாராயினும் அதில் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பு ஆனந்தா கல்லூரியின் உப அதிபராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றினார். பௌத்த கல்வி மறுமலர்ச்சியின் தலைமைக் கல்லூரியொன்றில் ஒரு யாழ்ப்பாணத்துச் சைவத் தமிழர் உப அதிபராக இருந்தார் என்பது இன்றைய இளந்தலைமுறைக்கு வியப்பளிக்கலாம். சிங்களத் தலைவர்களுடன் அவருக்கு ஏற்பட்ட நெருக்கத்துக்கு அக்காலமே அடித்தளமிட்டது.

அந்த நெருக்கத்தின் விளைவாக ஒரு பழிச்சொல்லும் அவரைத் தொடர்ந்தது. 1936இல் அரசாங்க சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களுக்கும் சிங்களவர்களே தலைவர்களாகத் தெரிவாகி, அமைச்சர் சபை முழுமையாகச் சிங்களவர் மயமாயிற்று. உறுப்பினர்களை எந்தெந்தக் குழுவில் எவ்வாறு பங்கிட்டால் இந்த முடிவு கிட்டும் எனக் கணக்கிட்டுக் கொடுத்தவர் இந்தக் கணிதப் பேராசிரியரே என்று பரவலாகக் கூறப்படுவதுண்டு. எது எவ்வாறாயினும், சுதந்திரத்தின்போது டி.எஸ். சேனநாயக்கவை நம்பிய தமிழர்களில் அவர் முக்கியமானவர். தமிழ்க் காங்கிரஸ் எதிரணியில் அமர்ந்திருக்க, அவர் முதலாவது அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார்.

அந்த நம்பிக்கை ஓராண்டு நிறைவடையும் முன்னரே சோதனைக்குள்ளாகியது. 1948 ஆகஸ்ட் மாதம் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் நிறைவேறியது. இந்நாட்டில் பிறந்தவர் என்பது மட்டும் பிரஜையாவதற்குப் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். பாட்டனின் பிறப்புச் சான்றிதழைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி எங்கே தேடுவார்? ஏழு இலட்சத்துக்கும் அதிகமான மலையகத் தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அச்சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் அமைச்சர் சுந்தரலிங்கமும் ஒருவர் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

ஆயினும் நான்கு மாதங்களின் பின் அவர் வேறொரு மனிதராக நின்றார். 1948 டிசம்பர் 10ஆம் திகதி இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் இரண்டாம் வாசிப்புக்கு வந்தபோது, அவர் அரசாங்கத்துக்கு வாக்களிக்காமல் சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கோரினார். சுந்தரலிங்கம் விளக்கம் எழுதவில்லை. அமைச்சுப் பதவியைத் துறந்தார். வவுனியா தேயிலைத் தோட்டத் தொகுதியன்று. மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்கினால் அவர் பாராளுமன்றம் சென்றவரும் அல்லர். தமக்கு வாக்களிக்க முடியாத மக்களுக்காக, தம் கையிலிருந்த அமைச்சுப் பதவியைக் கைவிட்ட செயல் அது. தாம் முன்னர் அளித்த வாக்கு தவறானது என்பதை அதைவிடத் தெளிவாக ஓர் அரசியல்வாதி ஒப்புக்கொள்ள இயலாது.

அதே சட்டமூலத்தை அரசாங்கத்தில் அப்போது அமைச்சராக இணைந்திருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். அதனால் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், செனட் சபை உறுப்பினரான டாக்டர் நாகநாதன் ஆகியோர் பிரிந்து, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். சுந்தரலிங்கமோ அவர்களுடனும் சேரவில்லை. எவருக்கும் அடங்காதவராகத் தனிவழியே சென்றார்.

அச்சட்டங்களின் பயனை நாடு விரைவில் கண்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றிருந்தனர். 1952இல் ஒருவர்தானும் செல்லவில்லை. இரண்டாவது சட்டத்தின் கீழ் சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவர்களுள் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. எஞ்சியோரின் வாழ்வு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது.

சுந்தரலிங்கத்தின் எதிர்ப்புக் குரல் அத்துடன் ஓயவில்லை. தேசியக் கொடி விவகாரத்தில் 1951இல் தமது ஆசனத்தையே துறந்து இடைத்தேர்தலில் மீண்டும் வென்றார். 1955இல் சபைக்குச் செல்லாது ஆசனத்தை இழந்து, மறுபடியும் மக்களிடம் சென்று அதனைப் பெற்றார். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில், தமிழருக்குத் தனி அரசு என்ற கருத்தை வெளிப்படையாக முன்வைத்த முன்னோடிகளில் அவரும் ஒருவரானார். ஒன்றுபட்ட இலங்கையை நம்பி அமைச்சரான ஒருவர் பத்தே ஆண்டுகளில் அந்த முடிவுக்குத் தள்ளப்பட்டார் என்பது, அவரைப் பற்றியதைவிட இந்நாட்டின் ஆட்சியாளர்களைப் பற்றியே அதிகம் கூறுகின்றது. 1960 மார்ச் தேர்தலில் வவுனியா மக்கள் தா. சிவசிதம்பரத்தைத் தெரிவுசெய்தனர். அடங்காத் தமிழரின் பாராளுமன்ற வாழ்வு அத்துடன் நிறைவுற்றது.

அவரது வாழ்க்கைக் கதை இங்கேயே முடிந்திருந்தால், நாம் அதனைப் புகழ்மாலையாக எழுதி முடித்திருக்கலாம். ஆனால் எட்டு ஆண்டுகளின் பின் வலிகாமத்தில் நடந்ததையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

அக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்குப் பல தேநீர்க் கடைகளில் இருக்கை இல்லை. பொதுக் கிணறுகளில் தண்ணீர் இல்லை. பெருங்கோயில்களில் உள்வீதி இல்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல், சுந்தரலிங்கமும் அங்கம் வகித்த அதே பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. எனினும் அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. அதனை நடைமுறைக்குக் கொண்டுவரும் போராட்டம் 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்துடன் வலுப்பெற்று, தேநீர்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் பரவியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில், உள்ளே சென்று வழிபட வேண்டும் எனக் கோரி அம்மக்கள் வாசலில் திரண்டனர். அவர்களை உள்ளே விடமாட்டோம் எனத் தடுத்து நின்றவர்களுக்குத் தலைமை வகித்தவர் எழுபது வயதைக் கடந்த சுந்தரலிங்கம்!

ஆகம விதியும் கோயில் வழமையுமே அவரது வாதங்களாயின. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவருக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. அவர் அதனை இலண்டன் கோமறைக் கழகம் வரை கொண்டு சென்றார். அவ்வழக்கின் சட்ட நுணுக்கங்கள் இங்கு எமக்குப் பொருளல்ல. பாட்டனின் பிறப்பை ஆதாரமாகக் கேட்டு ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையைப் பறிப்பது அநீதி என்று 1948இல் சபையைவிட்டு வெளியேறியவர், பாட்டனின் பிறப்பைக் காரணமாகக் கொண்டே இன்னொரு மக்கள் கூட்டத்தை 1968இல் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார் என்பதே எமது பொருள். இரண்டும் ஒரே கணக்கு என்பது கணிதப் பேராசிரியருக்குத் தெரியாமற் போனது எவ்வாறு?

காலம் அப்படிப்பட்டது எனச் சிலர் சமாதானம் கூறுவர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. 1939ஆம் ஆண்டிலேயே மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர் அ. வைத்தியநாத ஐயர். அவரும் சட்டம் படித்தவர். சாதியத்தின் உச்சப்படியில் பிறந்தவர். ஆகமம் அறிந்த ஊரில் வாழ்ந்தவர். சுந்தரலிங்கத்துக்கு முன் அந்த உதாரணம் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருந்தது. அத்துடன் பழி அவருக்கு மட்டும் உரியதும் அன்று. 1970 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகத்தை எதிர்த்து அவர் தோற்றார் என்பது உண்மையே. ஆனால் கோயில் வாசலில் அவர் நின்றபோது, வாக்குகளை எண்ணிப் பார்த்து மௌனம் காத்த தமிழ்த் தலைமைகளும் இருந்தன. வெளியாருக்கு எதிராக உரத்துப் பேசிய நாவுகள் உள்வீட்டு அநீதி பற்றித் தணிந்தே பேசின.

சுந்தரலிங்கம் 1985 பெப்ரவரியில் காலமானார். அதற்கு முன்னரே அவரது பழைய தொகுதியின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. 1977 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. டாக்டர் இராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் டேவிட் ஆகியோரின் காந்தீயம் அமைப்பு வவுனியாவைத் தளமாகக் கொண்டு அவர்களைக் குடியமர்த்தியது. எந்த மக்களுக்காக அவர் பதவி துறந்தாரோ, அந்த மக்களின் பிள்ளைகள் அடங்காப்பற்றில் காடு வெட்டிக் கழனி செய்தனர். போரின் சுமையையும் அவர்கள் சமமாகச் சுமந்தனர். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வன்னி மக்கள் அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர். பாட்டன் எவர் என அங்கு எவரும் கேட்கவில்லை.

ஆனால் முகாம் கலைந்து ஊர் திரும்பியபின் அக்கேள்வி மீண்டும் கேட்கப்படவில்லை என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? காணி உறுதிக்காக அலைபவர் யார், கோயில் திருப்பணிச் சபையில் இடம் இல்லாதவர் யார், திருமணப் பேச்சில் ஒதுக்கப்படுபவர் யார் என்பதை அந்தந்த ஊரவர் அறிவர். இன்று வன்னியிலிருந்து பாராளுமன்றம் செல்வோர், அரசிடம் நீதி கேட்கும் அதே குரலில் தம் ஊரிலும் நீதி கேட்கக் கடமைப்பட்டவர்கள். 1948 டிசம்பரில் எழுந்து வெளியேறிய சுந்தரலிங்கத்தை அவர்கள் பின்பற்றட்டும். மாவிட்டபுர வாசலில் நின்ற சுந்தரலிங்கத்தையும் மறவாதிருக்கட்டும். அந்த இருவரும் ஒருவரே என்பதை நினைவில் வைத்திருப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நேர்மையான அஞ்சலியாகும்.