டி. வி. சுந்தரம் ஐயங்கார்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியச் சாலைப் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒருவரும் டி. வி. எஸ். தொழிற்குழுமத்தின் நிறுவனரும் ஆவார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் நடத்திய பேருந்து, சரக்குந்துச் சேவைகள் காலந்தவறாமைக்கும் முறையான பராமரிப்புக்கும் பெயர் பெற்றவை. சாலைப் பாதுகாப்பைக் குறித்த விரிவான சட்டம் இந்தியாவில் இயற்றப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஊர்தியின் நலனையும் பயணியின் நலனையும் ஒன்றாகக் கருதிய தொழில்முறையை உருவாக்கியவர் என்ற வகையில் இவருடைய வாழ்க்கை குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் ஐயங்கார் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். இவ்வூர் வைணவர்களின் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகும். இவருடைய பெயரின் முதலெழுத்து இவ்வூரையே குறிக்கிறது. தந்தையின் விருப்பப்படி முதலில் சட்டத்துறையில் ஈடுபட்ட இவர், பின்னர் தொடர்வண்டித் துறையிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருவாய் தரும் வேலையை விட்டுத் தொழில் தொடங்குவது அரிதாக இருந்த காலத்தில் அப்பணியைத் துறந்து சொந்தத் தொழிலில் இறங்கினார்.

பேருந்துத் தொழில்

டி. வி. எஸ். குழுமம் 1911-ஆம் ஆண்டைத் தனது தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுந்தரம் ஐயங்கார் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். தொடர்வண்டிப் பாதை இல்லாத ஊர்களுக்கு மாட்டுவண்டியும் குதிரைவண்டியுமே செல்லும் வழியாக இருந்த காலம் அது. பின்னர் மதுரையை மையமாகக் கொண்டு தொழில் விரிவடைந்தது. பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோடுவேசு என்ற பெயரில் இயக்கப்பட்டன.

இன்றைய திண்டுக்கல் மாவட்டப் பகுதிகள் 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. சேலம், கரூர் வழியாக மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலை திண்டுக்கல் நகரைத் தொட்டுச் செல்கிறது. பழனி, திருச்சிராப்பள்ளி, வத்தலக்குண்டு ஆகிய ஊர்களுக்கான சாலைகளும் இங்கிருந்து பிரிகின்றன. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை 1916-இல் மோட்டார் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. சமவெளியில் நீண்ட நேராகவும் மலையில் கூரிய வளைவுகளோடும் செல்லும் இச்சாலைகள் ஊர்தியின் பிரேக்கையும் ஓட்டுநரின் திறமையையும் ஒருங்கே சோதிப்பவை.

இவருடைய பேருந்துகள் குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேர்ந்தன. வழியோரக் கிராம மக்கள் பேருந்து வருவதைக் கொண்டு நேரத்தை அறிந்தனர் என்று மதுரை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுவதுண்டு. பயணிகள் நிறையும் வரை காத்திருந்து பின்னர் இழந்த நேரத்தை வேகத்தால் ஈடுசெய்யும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது ஆகும். நேர ஒழுங்கு பயணிகளுக்கு வசதியாக இருந்ததோடு, ஓட்டுநர் விரைந்து ஓட்ட வேண்டிய தேவையையும் குறைத்தது.

சாலைகளின் நிலையும் பராமரிப்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான சாலைகள் சரளைக்கல் பரப்பி இறுக்கப்பட்டவை. மாட்டுவண்டிகளின் இரும்புப் பட்டை பொருந்திய சக்கரங்கள் அவற்றை விரைவில் சிதைத்தன. மாடுகளின் லாடங்களிலிருந்து கழன்று விழும் ஆணிகள் பேருந்துச் சக்கரங்களைத் துளைத்தன. ஓடும் பேருந்தின் முன்சக்கரம் திடீரெனக் காற்றிழப்பது உயிருக்கே ஆபத்தானது. காந்தம் பொருத்திய ஊர்தி ஒன்றைச் சாலையில் ஓட்டி இந்த ஆணிகளை அகற்றச் சுந்தரம் ஐயங்கார் ஏற்பாடு செய்தார் என்ற செய்தி பரவலாகக் கூறப்படுகிறது.

ஊர்திகளைப் பழுதுபார்க்கும் பணிமனையும் உதிரிப்பாகங்களின் இருப்பும் இவருடைய தொழிலின் முதுகெலும்பாக விளங்கின. பழுதடைந்த பின் திருத்துவதைவிடப் பழுதடையாமல் காப்பதே சிக்கனமானது என்ற அணுகுமுறை இங்கு பின்பற்றப்பட்டது. தேய்ந்த சக்கர உறைகளுக்குப் புதிய இரப்பர் மேற்பரப்பு அளிக்கும் தொழிலகமும் நிறுவப்பட்டது. உதிரிப்பாக விற்பனைக்காக மெட்ராசு ஆட்டோ சர்வீசு, ஊர்தி விற்பனைக்காகச் சுந்தரம் மோட்டார்சு ஆகிய நிறுவனங்கள் பின்னர் உருவாயின. சுந்தரம் மோட்டார்சு அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனத்தின் பெரிய விற்பனையாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது.

மோட்டார் வாகனச் சட்டங்கள்

சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கிய நாளில் இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் எதுவும் இல்லை. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஊர்திப் பதிவையும் ஓட்டுநர் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. பதினெட்டு வயது நிரம்பாதோர் பொதுச்சாலையில் மோட்டார் ஊர்தி ஓட்டுவதைத் தடைசெய்தது. எனினும் ஒரே வழித்தடத்தில் பல பேருந்துகள் போட்டியிடுவதையும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதையும் அச்சட்டத்தால் போதிய அளவு கட்டுப்படுத்த இயலவில்லை.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்நிலையை மாற்றியது. போக்குவரத்து ஆணையங்கள் வழங்கும் அனுமதி இன்றிப் பேருந்து இயக்கக்கூடாது என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு வரம்பும் இடையில் கட்டாய ஓய்வும் விதிக்கப்பட்டன. விபத்தில் பாதிக்கப்படும் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு 1946 முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முன் பேருந்தால் ஒருவர் உயிரிழந்தால், அவருடைய குடும்பம் இழப்பீடு பெறுவது உரிமையாளரின் பொருள்வசதியையே பெரிதும் பொறுத்திருந்தது. அனுமதி முறை பாதுகாப்பை வளர்த்தாலும், ஏற்கனவே நிலைபெற்ற நிறுவனங்களுக்கே அது சாதகமானது என்ற விமரிசனமும் இருந்து வந்தது.

போர்க்காலமும் கரிவாயுவும்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்படுத்தப்பட்டது. பேருந்துகள் நின்றுபோகும் நிலையில், கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலம் ஒன்றை டி. வி. எஸ். நிறுவனம் வடிவமைத்துத் தயாரித்தது. இது டி. வி. எஸ். வாயுக்கலம் என அறியப்பட்டது. குறைந்த காற்றில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு முதன்மை எரிபொருளாகப் பயன்படுகிறது. அவ்வாயுவைக் குளிர்வித்து, தூசி நீக்கி இயந்திரத்துக்குள் செலுத்துவர்.

இத்தகைய கலங்கள் பல நாடுகளில் பயன்பட்டன. இலண்டனில் சில பேருந்துகளின் பின்னால் இரு சக்கர டிரெய்லரில் கலத்தை வைத்து இழுத்துச் சென்றனர். பிற இடங்களில் ஊர்தியின் உடலோடு பொருத்தினர். கரிவாயுவில் இயங்கும்போது இயந்திரத்தின் ஆற்றல் குறையும். மேட்டில் ஏறுவது கடினமாகும். வாயு நச்சுத்தன்மை உடையது என்பதால் கசிவும், தணலால் தீப்பற்றும் வாய்ப்பும் இருந்தன. ஆகவே ஓட்டுநரும் உதவியாளரும் கவனமாகக் கையாள வேண்டியிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்திலும் போக்குவரத்து தொடர இக்கலங்கள் உதவின.

மகள் சௌந்தரமும் காந்திகிராமமும்

சுந்தரம் ஐயங்காரின் மனைவி பெயர் லட்சுமி. இவர்களின் மகள் சௌந்தரம் 1904-இல் பிறந்தார். இளவயதிலேயே மணம் முடித்த அவர், மருத்துவரான கணவரை 1925-இல் இழந்தார். கைம்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கி வாழ வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில், பெற்றோரின் ஆதரவுடன் தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936-இல் மருத்துவரானார். காந்தியவாதியான கோ. இராமச்சந்திரனை மறுமணம் செய்ய அவர் முடிவு செய்தபோது குடும்பத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1940-இல் காந்தியின் முன்னிலையில் சேவாகிராமத்தில் அத்திருமணம் நடைபெற்றது.

1947-இல் சௌந்தரமும் இராமச்சந்திரனும் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை சாலையில், சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர். சிறிய மருத்துவ உதவியுடன் தொடங்கிய அப்பணி கசுதூரிபா மருத்துவமனையாகவும் கிராமியக் கல்வி நிலையமாகவும் வளர்ந்தது. சௌந்தரம் 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நடுவண் அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சராகப் பணியாற்றினார். தந்தையின் பேருந்துகள் கிராமங்களை நகரத்தோடு இணைத்தன. மகள் அக்கிராமங்களுக்கே மருத்துவத்தையும் கல்வியையும் கொண்டு சென்றார்.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் தொழில் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சுந்தரம் ஐயங்கார் ஓய்வு பெற்றார். 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் உள்ள தமது இல்லத்தில், 78-ஆம் அகவையில் காலமானார்.

தொழில் மரபு

இவருடைய மறைவுக்குப் பின் குழுமம் ஊர்திப் பாகங்களின் தயாரிப்பில் இறங்கியது. சக்கரங்களுக்காக வீல்சு இந்தியா, மின்கருவிகளுக்காக லூகாசு டி. வி. எஸ்., பிரேக்குகளுக்காகப் பிரேக்சு இந்தியா, காற்றழுத்தப் பிரேக்குகளுக்காகச் சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் 1960-களின் தொடக்கத்தில் உருவாயின. கனரக ஊர்திகளும் அவை இழுத்துச் செல்லும் டிரெய்லர்களும் பாதுகாப்பாக நிற்பதற்குக் காற்றழுத்தப் பிரேக்கு இன்றியமையாதது. முறையாக அமைக்கப்பட்டால், இணைப்பு அறுந்து டிரெய்லர் தனியே பிரிந்தாலும் காற்றழுத்தம் குறைந்து அதன் பிரேக்கு தானாகப் பற்றிக்கொள்ளும்.

மாறாக, இவர் நேரடியாக நடத்திய பேருந்துத் தொழில் குழுமத்தின் கையில் நிலைக்கவில்லை. தமிழக அரசு பேருந்துப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியபோது, 1972-இல் டி. வி. எஸ். பேருந்துகள் புதிதாக அமைக்கப்பட்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகத்திடம் சென்றன. பின்னர் அதிலிருந்து பிரிந்து திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட இராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் உருவானது.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் டிரெய்லர்கள் உள்ளிட்ட ஊர்திகளுக்குப் பிரதிபலிப்பான்களைக் கட்டாயமாக்கின. பழுதாகிச் சாலையோரம் நிற்கும் ஊர்தியைத் தொலைவிலேயே காட்டும் எச்சரிக்கை முக்கோணமும் அவ்விதிகளில் இடம்பெற்றது. ஆணியைப் பொறுக்கிச் சாலையைக் காத்ததாகக் கூறப்படும் காலத்தில் இவை ஏதும் விதியாக இருக்கவில்லை. அவை உரிமையாளரின் பொறுப்புணர்வையே சார்ந்திருந்தன.