அய்ய நாடார்

கரிசற் பூமியின் நடுவே, மழை பொய்க்கும் நாட்டில் உள்ளது சிவகாசி. வானம் பார்த்த உழவு குடிகளைக் காவாத அந்நாளில், 1905-ஆம் ஆண்டு பிறந்தவர் அய்ய நாடார்.

1922-இல், இருபது பிராயமும் நிரம்பாத அவர், தம் உறவினராகிய சண்முக நாடாருடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். ஆயிரம் மைலுக்கும் அப்பாற்பட்ட அந்நகரில் மொழி வேறு, உணவு வேறு, அறிந்த முகமும் அரிது. எனினும் இருவரும் ஏறத்தாழ எட்டு மாதம் அங்கேயே தங்கித் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றனர்.

ஊர் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வருவித்துத் தொழில் தொடங்கினர். இயந்திர முறை கட்டுப்படியாகவில்லை. மனந்தளராது, அதனைக் கைத்தொழிலாகவே மாற்றி அமைத்தனர். வேளாண்மைக்குப் பகையாயிருந்த வறட்சியே இதற்குத் துணையாயிற்று. மருந்து தோய்த்த குச்சிகள் வெயிலிலும் உலர்ந்த காற்றிலும் விரைவிற் காய்ந்தன. பஞ்சத்தில் வாடிய குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. 1926-இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அங்குத் தழைத்தது.

1963-இல் அவர் பெயரும் அவர் துணைவியார் பெயரும் தாங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி சிவகாசியில் தோன்றியது. 1982-இல் அவர் காலமானார்.

மாணவ நண்பர்களே! கல்வி நாடி ஊர்விட்டு ஊர் செல்வோர் நம்முள்ளும் பலர். அயலூரிற் கற்றதைப் பிறந்த மண்ணின் இயல்புக்கு இசைய மாற்றிப் பயிர் செய்தாரே, அதுவே நாம் அவரிடம் கற்கத்தக்கது.