ம.பொ.சி.யும் வடக்கெல்லையும்

ஜவ்வாது மலையின் வடசரிவில் நின்று பார்த்தால் கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கு தெரிகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு வடக்கே எழும் குன்றுகளினூடே தமிழ்நாட்டின் எல்லை முடிந்து ஆந்திரத்தின் எல்லை தொடங்குகிறது. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், அது எங்கே ஓட வேண்டும் என்பதற்காகச் சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையும் இழந்தனர். அந்தக் கோட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ம.பொ.சிவஞானம் நினைவுக்கு வருகிறார்.

ஓர் அரசியல் ஒன்றியத்திலிருந்து ஒரு பகுதி பிரிந்து செல்வது என்பது, பிரிவதற்கு இசைவதோடு முடிந்துவிடுவதில்லை. பிரிவது யார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லாதபோதும், எதை எடுத்துக்கொண்டு பிரிவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதென 2016-இல் மக்கள் வாக்களித்தனர். ஆனால், அயர்லாந்துத் தீவில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தரைவழி எல்லையை என்ன செய்வது என்று தெரியாமல் அந்நாடு ஆண்டுக்கணக்கில் தடுமாறியது. விலகல் நடந்தேறியது 2020 ஜனவரி இறுதியில்தான். அதற்கு முன்பு, பிரதமர் ஒருவர் பதவி விலகவும் நேர்ந்தது. இந்தப் பாடத்தைச் சென்னை மாகாணம் 1950-களிலேயே படித்துவிட்டது. அந்தப் பாடத்தின் தமிழ்ப் பக்கத்தை எழுதியவர்களுள் முதன்மையானவர் ம.பொ.சி.

மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் 1906 ஜூன் 26 அன்று சென்னையில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. அதன்பின் அச்சகமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு நடத்திய தமிழ்நாடு இதழின் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றினார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த அந்தக் கைகளே பின்னாளில் நூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதின.

காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து பலமுறை சிறை சென்றார். 1942-ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அமராவதி சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே பெற்ற வயிற்று நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. அதே சிறை வாழ்க்கைதான் அவருக்குச் சிலப்பதிகாரத்தையும் தந்தது. முறையான தமிழ்க் கல்வி பெறாத ஒருவர், தாமே கற்று சிலம்புச் செல்வர் என்று பெயர் பெற்றார். மூன்று வேந்தர்களின் நாடுகளையும் ஒரே காப்பியத்தில் இணைத்த இளங்கோவின் பார்வை, தமிழகம் என்பது ஒரு நிலம் என்ற எண்ணத்தை அவருக்குள் ஊன்றியது. தொல்காப்பியப் பாயிரம் அந்த நிலத்துக்கு வேங்கடத்தை வடக்கெல்லையாகவும் குமரியைத் தெற்கெல்லையாகவும் வகுக்கிறது. மற்றவர்களுக்கு இலக்கியச் செய்தியாக இருந்த இது, அவருக்கு அரசியல் கோரிக்கையாயிற்று.

1946 நவம்பரில் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். இந்தியாவைவிட்டுப் பிரிவது அவருடைய நோக்கமன்று. இந்திய ஒன்றியத்துக்குள் தன்னாட்சியுடைய தமிழ் மாநிலம் வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. திராவிட நாடு கோரிக்கையை அவர் எதிர்த்ததற்கும் இதுவே காரணம். தெலுங்கர்கள் தங்களுக்குத் தனி மாநிலம் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், நான்கு மொழி மக்களையும் ஒரே நாடாகக் கருதுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவர் கருதினார்.

தெலுங்கு மக்களின் தனி மாநிலக் கோரிக்கை பழைமையானது. 1913-இல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மாநாட்டிலிருந்தே அது ஒலித்துவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1911-இல், ஆங்கிலேய அரசு தன் நிர்வாக வசதிக்காகச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. ஜவ்வாது மலை அடங்கிய பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து சித்தூர், திருத்தணி, புத்தூர், சந்திரகிரி உள்ளிட்ட பகுதிகள் அதற்காகப் பிரித்தெடுக்கப்பட்டன. கடப்பை மாவட்டத்தின் சில பகுதிகள் அவற்றோடு சேர்க்கப்பட்டன. மாகாணம் ஒன்றாக இருந்தவரை இந்தப் பிரிவினையை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஒரே வீட்டுக்குள் அறைகளை மாற்றியமைப்பது போன்றதுதான் அது. வீட்டைப் பாகம் பிரிக்கும் நாள் வந்தபோதுதான், எந்த அறை யாருடையது என்ற கேள்வி எழுந்தது.

சித்தூர் மாவட்டம் தெலுங்கு மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. எனவே, மாவட்டங்களை அலகாகக் கொண்டு பிரித்தால் தமிழர் செறிந்து வாழ்ந்த திருத்தணியும் அதனோடு போய்விடும். இதை முன்கூட்டியே உணர்ந்தவர்களுள் மங்கலங்கிழார் ஒருவர். வடக்கெல்லைப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த ஆசிரியர் அவர். அவரோடும், திருத்தணிப் பகுதித் தலைவர் விநாயகம் போன்றோரோடும் கைகோத்து ம.பொ.சி. எல்லைப் போராட்டத்தைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற காலத்திலேயே திருப்பதிக்குச் சென்று வேங்கடம் தமிழகத்தின் எல்லை என்று முழங்கினார்.

ஆந்திர மாநிலம் பிறப்பதைத் தாமதப்படுத்தியது கொள்கை வேறுபாடு மட்டுமன்று, எல்லைச் சிக்கலும்தான். ஜவாஹர்லால் நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமையா ஆகியோர் அடங்கிய குழு 1949-இல் ஆந்திரம் அமைவதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. ஆனால், சென்னை நகரின் மீதான உரிமையைத் தெலுங்கர் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நகரின் பொருட்டே பிரிவினைப் பேச்சு முட்டி நின்றது. த. பிரகாசம் உள்ளிட்ட ஆந்திரத் தலைவர்கள் சென்னையை விட்டுத்தர இணங்கவில்லை.

இந்த முட்டுக்கட்டையின் நடுவில்தான் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். 58 நாள்கள் நோன்பிருந்து டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நான்கே நாள்களில், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். தமிழர்கள் எதிர்த்தரப்பில் நின்றதனால் அந்தத் தியாகத்தின் பெருமை நம் கண்ணில் குறைந்துவிடலாகாது. ம.பொ.சி.யும் ஆந்திரர்கள் பிரிந்து செல்வதை எதிர்த்தவரல்லர். அவர்கள் பிரியட்டும், ஆனால் சென்னையை விட்டுவிட்டுப் பிரியட்டும் என்பதே அவர் வாதம்.

சென்னையைத் தற்காலிகத் தலைநகராகவாவது ஆந்திரத்துக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை அடுத்து எழுந்தது. தற்காலிகம் என்பது எளிதில் நிரந்தரமாகிவிடும் என்று ம.பொ.சி. அஞ்சினார். மாநகராட்சி உறுப்பினராக இருந்த அவர், நகரெங்கும் கூட்டங்கள் நடத்தினார். மேயர் த. செங்கல்வராயன் காலத்தில் மாநகராட்சி சென்னை தமிழகத்துக்கே உரியது என்று தீர்மானம் நிறைவேற்றியது. முதல்வர் ராஜாஜியும் அதில் உறுதியாக இருந்தார். 1953 மார்ச் 25 அன்று, ஆந்திரத்தின் தலைநகரம் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக்கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது.

அவருடைய அச்சம் மிகையானதா என்று கேட்போர், 2014-ஐ நினைத்துப் பார்க்கலாம். தெலங்கானா பிரிந்தபோது ஹைதராபாத் பத்து ஆண்டுகளுக்குப் பொதுத் தலைநகராக அறிவிக்கப்பட்டது. ஒரே நகரில் இரண்டு அரசுகள் எத்தனை உரசல்களுக்கு இடம்தந்தன என்பதை நாம் பார்த்தோம். 1953-இல் ஒரு தலைநகரைப் பெற இயலாத ஆந்திரம், 60 ஆண்டுகளுக்குப் பின் இன்னொன்றையும் இழந்தது. பிரிவினைகளின் சுமை எப்போதும் ஒரே பக்கம் விழுவதில்லை.

சென்னை நிலைத்தது, திருத்தணி போனது. சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தோடு சேர்க்கப்பட்டது. 1953-இல் திருத்தணியில் மறியல் நடத்தி ம.பொ.சி. கைதானார். ரயில் மறியல், கடையடைப்பு, துப்பாக்கிச்சூடு என்று அந்தச் சிறு நகரம் கொந்தளித்தது. போராட்டத்தில் உயிரிழந்தோரும் உண்டு. எல்லைத் தகராற்றைத் தீர்க்க ஏற்பாடு செய்வதாக மத்திய அரசு உறுதியளித்தது. ஆனால், அந்த ஏற்பாடு உருப்பெற மேலும் சில ஆண்டுகள் ஆயின.

இறுதியில் எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் வகுத்த நெறிகள் எளிமையானவை. கிராமமே அலகு, மக்கள்தொகைக் கணக்கின்படி பெரும்பான்மையோர் பேசும் மொழியே அளவுகோல், நிலத்தொடர்ச்சி இருக்க வேண்டும். அவரது முடிவின் அடிப்படையில் 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர மைல். அதற்கு ஈடாக, சத்தியவேடு உள்ளிட்ட செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளும் சேலம் மாவட்டத்தின் சில ஊர்களும் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் திரும்பவில்லை.

இங்கே ம.பொ.சி.யின் வாதத்திலிருந்த ஒரு வலுக்குறைவையும் சொல்ல வேண்டும். வேங்கடத்தை அவர் கேட்டது இலக்கியச் சான்றின் அடிப்படையில். நடுவர் கேட்டதோ, இன்று அந்த ஊரில் வாழ்பவர் பேசும் மொழி எது என்பதை. பழம்பாடல்கள் எல்லை வகுக்குமானால், உலகில் எந்த எல்லையும் நிலைக்காது. அதே வேளையில், திருத்தணி திரும்பியது மக்கள் கணக்கினால் என்றாலும், அந்தக் கணக்கை எடுத்துப் பார்க்கும் நிலைக்கு மத்திய அரசைக் கொண்டுவந்தது ம.பொ.சி.யின் போராட்டமே. அவருடைய இலக்கியம் மக்களைத் திரட்டியது; திரண்ட மக்கள் கணக்கெடுப்பைக் கொண்டுவந்தனர்.

அதன் பின்னர் அவர் நீண்ட காலம் வாழ்ந்தார். அதற்கு முன்பே காங்கிரசிலிருந்து விலக நேர்ந்திருந்தது. 1966-இல் வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ஒரு காலத்தில் கடுமையாக எதிர்த்த தி.மு.க.வோடு 1967 தேர்தலில் கூட்டணி அமைத்துத் தியாகராய நகரில் வென்றார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டப்பட்டபோது தம் நெடுநாள் கனவு நிறைவேறக் கண்டார். சட்ட மேலவைத் தலைவராகவும் பணியாற்றினார். 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார். மூன்றாம் வகுப்புவரை படித்த ஓர் அச்சுத் தொழிலாளி, மேலவையின் தலைமை இருக்கையில் அமர்ந்தது மக்களாட்சியின் பெருமைகளுள் ஒன்று.

எல்லை வகுக்கப்பட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுகிறதா? ஜவ்வாது மலையிலிருந்து பார்க்கும்போது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2016-இல் புல்லூரில் பாலாற்றுத் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரம் கூட்டியபோது, கீழே வாணியம்பாடி உழவர்கள் கலங்கினர். ஓராண்டு முன்னதாக, 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் வனப்பகுதியில் 20 தமிழர்கள் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இறந்தவர்களுள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். ஜவ்வாது மலையின் பழங்குடிகளும் அவர்களுள் இருந்தனர்.

சேஷாசலம் என்பது வேறொன்றுமன்று, ம.பொ.சி. தமிழகத்தின் வடக்கெல்லை என்று உரிமை கோரிய அதே வேங்கட மலைத்தொடர்தான். அந்த மலை எவருக்கு உரியது என்ற வழக்கில் ஏடுகளைப் புரட்டினோம், மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினோம். ஆனால், சாமை விளையும் மேட்டு நிலத்தில் ஆண்டு முழுவதும் வயிறு நிறையாததனால் கூலிக்காக அந்த மலை ஏறிய மனிதனைப் பற்றி எந்த நடுவரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லைக்கு அப்பால் அவன் அயல் மாநிலத்தான். எல்லைக்கு இப்பால் அவன் எட்டாத மலைவாசி.

இந்த மலையே இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கிடையே பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. மலையாளிப் பழங்குடியினருக்கு இங்கே பழங்குடித் தகுதி உண்டு. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே இனத்தவர் அந்தத் தகுதிக்காக நெடுங்காலமாகப் போராடிவருகின்றனர். ஒரு மாவட்டக் கோடு ஒருவரின் பிறப்பையே மாற்றி எழுதிவிடுகிறது.

தலைநகரைக் காத்தவருக்கு நாம் சிலை வைத்திருக்கிறோம். அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றி அதுவன்று. அவர் மீட்டுத்தந்த எல்லைக்குள் வாழும் கடைசிக் குடிக்கும், பிழைப்புக்காக எல்லை தாண்ட வேண்டாத வாழ்வை அளிப்பதே அந்த நன்றி. எல்லையை வென்றெடுக்க ஏழு ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. அதற்குள் வாழ்வோரைக் காக்க, அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் நாம் தொடங்கவே இல்லை என்றால், அந்தக் கோடு யாருக்காக வரையப்பட்டது?