பிரித்துப் பார்த்த மேதை

குழந்தைகளே! காரின் கதவு எதைப் பிடித்துக்கொண்டு திறக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? வீட்டுக் கதவில் கீல் கண்ணுக்குத் தெரியும். காரில் வெளியே எதுவும் தெரியாது. கீல் உள்ளே ஒளிந்திருக்கிறது!

மறைந்திருக்கும் கீல் நமக்குப் புதிதல்ல. குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் பழைய மரவீடு இருந்தால் கதவைக் கவனியுங்கள். பலகையின் மேலும் கீழும் குடுமி போல ஒரு முனை நீண்டிருக்கும். அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். இரும்புக் கீலே தேவையில்லை.

காரில் வேலை இன்னும் கடினம். கீலை உள்ளே தள்ளி வைத்தால், திறக்கும்போது கதவின் விளிம்பு காரின் உடம்பில் இடிக்கும். அதனால் கீலின் கையை வாத்தின் கழுத்துப் போல வளைக்கிறார்கள். கதவு முதலில் சற்று வெளியே வந்து, பிறகு திறக்கிறது. மேல் கீல், கீழ்க் கீல் இரண்டின் ஆணிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கதவு இறுகிவிடும். கையால் கார் செய்பவர்கள் முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் இரும்பைத் தொடுவார்கள்.

இப்படி ஒளிந்திருப்பதையெல்லாம் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார் தெரியுமா? அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ் சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சவரம் செய்ய மின்சாரக் கருவி கண்டுபிடித்தார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்தார். 1945-ல் கோவையில் தொழிற்கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் அதன் முதல்வராகவும் இருந்தார்!

1952-ல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். நடுத்தரக் குடும்பமும் காரில் போகலாம் என்ற கனவு அது. ஆனால் அக்காலத்தில் அரசின் உரிமம் இல்லாமல் தொழிற்சாலையில் கார் தயாரிக்க முடியாது. உரிமம் கிடைக்கவில்லை. கார் தெருவுக்கு வராமலே நின்றுபோனது. குறைந்த விலைக் கார் என்று நாடே பேசிய நானோ அறிமுகமானது 2008-ல். இடையே 56 ஆண்டுகள்! எத்தனை குடும்பங்கள் எத்தனை காலம் காத்திருந்தன, பாருங்கள்.

மனம் வருந்தினாலும் நாயுடு கருவிகளைக் கீழே வைக்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று மறையும் வரை புதுமைகளைத் தேடிக்கொண்டே இருந்தார். கோவை சென்றால் அவருடைய அருங்காட்சியகத்தைத் தவறாமல் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஓடாத கடிகாரமோ பழைய பொம்மையோ வீட்டில் கிடக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு மெல்லக் கழற்றுங்கள். மின்சாரத்தில் ஓடும் சாமான்களை மட்டும் தொடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு திருகையும் வரிசையாக வைத்து, அதே வரிசையில் திரும்பப் பூட்டுங்கள். கழற்றுவது யாருக்கும் எளிது. பூட்டுவதில்தான் பாடம் இருக்கிறது!