பெரியாழ்வார்

பெரியாழ்வார் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவர். இயற்பெயர் விட்டுசித்தர். இராஜபாளையத்தை அடுத்துள்ள திருவில்லிபுத்தூரில், ஆனி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் பிறந்தார். இவரது காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கனவில் கேட்ட இறைவனின் குரல் இவரது வாழ்வை மும்முறை திசை திருப்பியதாக வைணவ மரபு கூறுகிறது.

மதுரை அழைப்பு

நந்தவனம் அமைத்து, வடபத்திரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டித் தருவதே இவரது தொண்டாக இருந்தது. முழுமுதற் பொருள் எதுவென நிறுவுவோர்க்குப் பொற்கிழி அளிப்பதாகப் பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் அறிவித்தபோது, மதுரை செல்லுமாறு கனவில் குரல் எழுந்தது. களைக்கொட்டுப் பிடித்துத் தழும்பேறிய கைகளை உடைய தமக்கு வாதம் செய்யத் தெரியாதே என இவர் தயங்கினார். ஆயினும் சென்று வென்றார். யானைமேல் ஊர்வலம் வந்தபோது காட்சியளித்த திருமாலிடம் வரம் எதுவும் கேட்காமல், அவருக்குக் கண்ணேறு படுமோ என அஞ்சி வாழ்த்திப் பாடியதே திருப்பல்லாண்டு. இறைவனையே வாழ்த்தியதால் பெரியாழ்வார் எனப் பெயர் பெற்றார். பின்னர் ஊர் திரும்பி, பழைய மலர்த்தொண்டையே தொடர்ந்தார்.

மாலையும் மகளும்

துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த ஆண்டாள், இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்ததை அறிந்து இவர் வருந்தினார், அம்மாலையைச் சாத்தவில்லை. அன்றிரவு கனவில், அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது எனத் திருமால் கூறியதாக வரலாறு. தவறெனத் தாம் கருதியதை மாற்றிக்கொள்ளச் செய்த குரல் அது. இன்றும் ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்திற்காகத் திருமலைக்கு அனுப்பப்படுகிறது.

மகளைத் திருவரங்கம் அழைத்து வருமாறு கூறியது மூன்றாவது கனவு. அங்கு ஆண்டாள் அரங்கனோடு கலந்தாள் என்பது மரபு. இவரோ மகளைப் பிரிந்து தனியே திருவில்லிபுத்தூர் மீண்டார். மகளைப் பிரிந்த தாயின் ஏக்கமாக இவர் பாடிய பாசுரங்களை இப்பிரிவோடு இணைத்துப் பார்ப்பதுண்டு. இவர் திருமாலிருஞ்சோலையில் பரமபதம் அடைந்ததாகக் கூறுவர்.

வரலாற்று நோக்கு

இச்செய்திகளைக் கூறும் குருபரம்பரை நூல்கள் இவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுந்தவை. ஆகவே இக்கனவுக் குரல்களை இன்றைய மருத்துவ நோக்கில் அளந்து முடிவு கூற இயலாது. குரல் கேட்டவரை அக்காலச் சமூகம் ஒதுக்காமல் போற்றியதாக மரபு நினைவில் வைத்துள்ளது என்பதே இவற்றால் அறியத்தக்கது.

படைப்புகள்

திருப்பல்லாண்டு (12 பாசுரங்கள்), பெரியாழ்வார் திருமொழி (461 பாசுரங்கள்) ஆகிய இரண்டும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றுள்ளன. கண்ணனைக் குழந்தையாகவும் தம்மை யசோதையாகவும் கொண்டு பாடிய திருமொழிப் பாசுரங்கள், பிற்காலப் பிள்ளைத்தமிழ் இலக்கியத்திற்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன.