கரும்பின் கணக்கு பார்த்த ஜானகி அம்மாள்

ஒரே வயலில், ஒரே பயிரில் எடுத்த மகரந்தத்தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். எல்லா மணியும் ஒன்றுபோல இருக்காது. சில உருண்டு திரண்டிருக்கும். சில சுருங்கிப் பதராக இருக்கும். அயோடின் ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்து உள்ள மணி கருநீலமாகும். பதர் வெளுத்தே நிற்கும். கடும் வெயிலும் இப்படிச் செய்யும். ஆனால் செடி பிறக்கும்போதே வரும் குறைக்கு, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையும் ஒரு முக்கியக் காரணம். அந்தக் கணக்கிலேயே ஆயுளைக் கழித்தவர் ஜானகி அம்மாள்.

1897இல் தலச்சேரியில் பிறந்தார். சென்னை ராணி மேரி, மாநிலக் கல்லூரிகளில் படித்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார்.

இனிப்பான ஆனால் நோய்க்குத் தளரும் கரும்பையும், எதையும் தாங்கும் காட்டு நாணலையும் இணைப்பதுதான் அங்கே நடந்த வேலை. நாணல் ஒரே இனம்தான். ஆனாலும் ஓரிடத்துச் செடியில் 40 குரோமோசோம், இன்னோரிடத்தில் 128 வரை. இப்படி இரண்டு கணக்குகள் கலந்தால், மகரந்தம் உருவாகும் வேளையில் சில குரோமோசோம்களுக்கு இணை கிடைக்காது. பதர் பிறப்பது அங்கேதான். கரணை நடும் விவசாயிக்கு இதனால் நட்டமில்லை. புது ரகம் உருவாக்குபவருக்கோ, அந்தச் செடி தந்தையாகப் பயன்படாது. ஆலங்குளம் பக்கத்துக் கரிசலில் இன்று விளைகிறதே மக்காச்சோளம், அதனுடனும் கரும்பை இணைத்துப் பார்த்தார் அம்மாள். அது வயலுக்கு வரவில்லை. புல்லினங்களின் உறவைப் புரிய வைத்தது.

தனித்து வாழ்ந்த பெண், பிற்பட்டதாகக் கருதப்பட்ட சமூகத்தவர் என்பதால் அவர் பட்ட சங்கடங்களை வரலாறு எழுதியோர் பதிவு செய்துள்ளனர். அடுத்து இங்கிலாந்து சென்றார். போர்க்காலத்தில் அங்கேயே ஆய்வு செய்து, டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்கிசின் கொடுத்துக் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். நம்மூர் கண்வலிக்கிழங்கு விதையில் இருக்கும் அதே கோல்கிசின்தான். இரட்டிப்பான செடியில் இலை தடிக்கும், மகரந்த மணியும் பெரும்பாலும் பெரிதாகும்.

1951இல் நேரு அழைத்ததால் நாடு திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓய்வுக்குப் பின்னும் சும்மா இருக்கவில்லை. சென்னையை அடுத்த மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1984 பிப்ரவரி 7இல் காலமானார்.