அண்ணனைப் பறிகொடுத்த மந்திரி

1923-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினுக்குத் தெற்கே உள்ள மலையில் ஒரு வாலிபரின் பிணம் கிடந்தது. மூன்று மாதங்களுக்கு முன் நகரத் தெருவில் கடத்தப்பட்டவர் அவர். பெயர் நோயல் லெமாஸ்.

அவருடைய தம்பி அப்போது சிறையில் இருந்தார். பிணம் கிடைத்ததும் தம்பியை விடுதலை செய்தார்கள்.

அந்தத் தம்பிதான் ஷான் லெமாஸ். பின்னாளில் அயர்லாந்தின் கைத்தொழில் மந்திரியாகி, கிராமங்களுக்கு மின்சார விளக்கு கொண்டு போனவர்.

ஷான் 1899-ல் பிறந்தார். தகப்பனார் டப்ளினில் தொப்பிக் கடை வைத்திருந்தார். 1916-ல் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. அண்ணனும் தம்பியும் அதில் குதித்தார்கள். தம்பிக்கு அப்போது வயது 16. தபால் ஆபீஸ் கூரை மீது துப்பாக்கியுடன் நின்றார். புரட்சி தோற்றது. சிறுவன் என்பதால் அவரை விட்டுவிட்டார்கள்.

1921-ல் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை ஏற்பதா, மறுப்பதா? ஒன்றாகப் போராடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். உள்நாட்டுச் சண்டை மூண்டது. லெமாஸ் சகோதரர்கள் மறுத்த பக்கம். வென்றது ஏற்ற பக்கம். சண்டை ஓய்ந்த பிறகுதான் நோயல் கொல்லப்பட்டார். சர்க்கார் ஆட்களின் வேலை என்றே பலரும் நம்பினார்கள். யாரும் தண்டனை அடையவில்லை.

ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1932 தேர்தலில் லெமாசின் கட்சி ஜெயித்தது. அவர் கைத்தொழில், வாணிப மந்திரி ஆனார். வயது 32!

அந்த இலாகாவை 1924-ல் அமைத்தவர்கள் யார்? எதிர்க் கட்சியினர். ஷானன் நதியில் பெரிய மின்சார நிலையம் கட்டி 1929-ல் திறந்தவர்களும் அவர்களே. இலாகாவில் இருந்த அதிகாரிகளும் அவர்கள் காலத்து ஆட்கள்.

இப்போது பழி வாங்கலாம் அல்லவா? லெமாஸ் வாங்கவில்லை. மின்சார வாரியத்தை அப்படியே வைத்துக்கொண்டார். ஜான் லேடன் என்ற அதிகாரி முந்திய சர்க்காரிடம் வேலை பார்த்தவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுபவர். அவரையே இலாகாவின் தலைமைக் காரியதரிசி ஆக்கினார். இருவரும் பல்லாண்டு சேர்ந்து உழைத்தார்கள். அண்ணனைப் பற்றி மட்டும் லெமாஸ் பிறரிடம் பேசுவதே அபூர்வம்.

1939-ல் உலக யுத்தம் வந்தது. அயர்லாந்து அதில் சேரவில்லை. ஆனால் நிலக்கரி பிரிட்டனிலிருந்து வரவேண்டும். 1941-ல் அது சுருங்கிப் போயிற்று. விநியோக இலாகாவும் லெமாசிடமே இருந்தது. தேயிலை ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸ் என்று ஆனது! சமையல் வாயு சில மணி நேரம்தான். மற்ற நேரத்தில் குழாயில் தங்கிய வாயுவில் திருட்டுத்தனமாக வெந்நீர் வைத்தால், அதிகாரி வந்து அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். வீட்டுப் பெண்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள்.

கரிக்குப் பதில் என்ன செய்வது? அந்த நாட்டில் சதுப்பு நிலம் ஏராளம். பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கி இறுகிக் கிடக்கின்றன. மண்வெட்டியால் செங்கல் போல வெட்டி, காற்றில் உலர்த்தினால் அடுப்பில் எரியும். நம் ஊர் வரட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் வெட்டப் போனார்கள். டப்ளின் பூங்காவில் அது மலை மலையாகக் குவிந்தது. மழையில் நனைந்தது எரியவில்லை, புகைந்தது. ஜனங்கள் திட்டினார்கள். ஆனாலும் நாடு குளிரில் விறைக்காமல் பிழைத்தது அதனால்தான். 1950-ல் அதே மண்கட்டியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தது.

யுத்தம் முடிந்ததும் கிராம மின்சாரத் திட்டம். 1946 நவம்பர் 5-ந் தேதி கில்சாலகன் என்ற ஊரில் முதல் கம்பம் நட்டார்கள். எல்லோரும் வரவேற்றார்களா? இல்லை! கூரை வீடு தீப்பிடிக்கும் என்று சிலர் பயந்தார்கள். மாதாமாதம் பணம் கட்ட முடியாது என்று சிலர் மறுத்தார்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்ததும் மனம் மாறியவர் பலர்.

லெமாஸ் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டுச் சரக்குக்குப் பெரிய வரி போட்டு உள்நாட்டு ஆலைகளைக் காத்தார். ஆலைகள் முளைத்தன. ஆனால் போட்டி இல்லாததால் பல ஆலைகள் தேறவில்லை. 1951 முதல் 1961 வரை சுமார் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி நாட்டை விட்டுப் போனார்கள். மொத்த ஜனத்தொகையே 30 லட்சத்துக்குள்தான்.

1959-ல் அவர் பிரதம மந்திரி ஆனார். தாம் எழுப்பிய வரிச் சுவரைத் தாமே இடிக்கத் தொடங்கினார். 1965-ல் பிரிட்டனுடனேயே தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் செய்தார். தவறை ஒப்புக்கொண்டு திருத்துகிற மந்திரி எத்தனை பேர்?

அதே ஆண்டு ஜனவரியில், பிரிட்டனின் கீழ் இருந்த வட அயர்லாந்துக்குப் போய் அதன் பிரதமர் ஓநீலைச் சந்தித்தார். நாடு பிரிந்த பின் அப்படிப்பட்ட பயணம் அதுவே முதல்.

1966-ல் பதவி விலகினார். 1971 மே 11-ந் தேதி டப்ளினில் காலமானார். அவருடைய பழைய இலாகாவின் பெயரில் 1977-ல் எரிசக்தி என்ற சொல்லும் சேர்ந்தது.